நான்காவது தாளும் ஒன்பதாவது தாளும்

அத்தியாயம் 6

"டப்பாவை மூடிட்டாங்க, பாஸ்" என்று மீப் காதோடு சொன்னாள். "காபிக்கு ஒரு பிஸ்கட். அவ்வளவுதான். இனி அந்த டப்பா அடுத்த தேர்தலுக்குத்தான் திறக்கும்."

"மெதுவா பேசு. நான் யோசிச்சிட்டிருக்கேன்."

"கேஸைப் பத்தியா, பிஸ்கட்டைப் பத்தியா?"

துப்பறியும் வூபோ டெர்ப்ஸ்ட்ரா மூடிய டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மீட்டர் உயர மனிதர். ஹேக் நகரத்தில் அவர் நெற்றி முட்டாத நிலைப்படி கிடையாது. அவர் வருகிறார் என்று தெரிந்தால் சில நிலைப்படிகள் தாமாகவே கொஞ்சம் உயர்ந்துகொள்ளும் என்று ஊரில் ஒரு பேச்சு. அவருடைய உதவியாளர் மீப் ஸ்னூக் ஒன்றரை மீட்டர். உலகத்திலேயே நெட்டையான ஜனங்களுக்கு நடுவில் இப்படிப் பிறந்துவிட்டோமே என்று அவள் ஒருநாளும் வருந்தியதில்லை. குறைந்துபோன அரை மீட்டரை நாக்கில் சேர்த்து வளர்த்துக்கொண்டாள்.

எதிரே சோபாவின் நுனியில் சிட்ஸ்கே ஹார்டிங்கா உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தொரு வயது. கண்கள் மூன்று நாளாகத் தூக்கத்தைப் பார்க்கவில்லை.

"மணி பதினொண்ணு பத்து" என்றாள். "நாலு மணிக்குக் கமிட்டி கூடுது. அதுக்குள்ள நான் திருடலைன்னு நிரூபிக்கணும். இல்லேன்னா அஞ்சு வருஷத்துக்கு எந்த நிதிக்கும் விண்ணப்பிக்க முடியாது. நான்கூட பரவாயில்லை, சார். ரொசாரியாவுக்கு என்ன சொல்றது?"

விஷயம் இதுதான். இணைய வெளியில் நாடுகள் ஒன்றோடொன்று பொறுப்பாக நடந்துகொள்ளப் பழக்கும் திட்டங்களுக்கு வெளியுறவு அமைச்சகம் நிதி கொடுக்கிறது. பொறுப்பு என்றால் பெரிய வேதாந்தம் எல்லாம் இல்லை. அடுத்த நாட்டு ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் கை வைக்காதே. உன் மண்ணிலிருந்து எவனாவது கை வைத்தால் தடுத்து நிறுத்து. பக்கத்து நாட்டுக்காரன் அலறிக்கொண்டு போன் செய்தால், எடுத்துப் பேசு. ஒரு தெருவில் நான்கு குடும்பங்கள் பேச்சில்லாமலே கடைப்பிடிக்கும் சங்கதிகள். அதையே நாடுகளுக்குப் புரியவைக்க மாநாடு, மொழிபெயர்ப்பாளர், மதிய உணவு எல்லாம் தேவைப்படுகிறது.

சிட்ஸ்கேயின் திட்டம் கரீபியன் கடலில் ஆறு குட்டித் தீவு நாடுகளுக்கானது. போன வருடம் அதில் ஒரு தீவின் ஆஸ்பத்திரியை எவனோ முடக்கிவிட்டான். ஒன்பது நாள் எல்லாக் கம்ப்யூட்டரும் கறுப்பு. பிறந்த குழந்தைகளின் எடையை மருந்து அட்டைப்பெட்டியின் பின்பக்கம் எழுதினார்கள். தாக்குதல் பக்கத்துத் தீவிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்த ஆஸ்பத்திரித் தொழில்நுட்பப் பெண் ரொசாரியா, அந்த நாட்டின் மூன்று அலுவலகங்களுக்குப் போன் செய்தாள். மூன்றிலும் மணி அடித்தது. ஒருவரும் எடுக்கவில்லை.

"அடுத்த தடவை யாராவது எடுப்பாங்களான்னு கேட்டா. எடுப்பாங்கன்னு வாக்கு கொடுத்தேன்" என்றாள் சிட்ஸ்கே. அவள் குரல் லேசாக உடைந்தது. டப்பாவைத் திறந்து இரண்டாவது பிஸ்கட்டை நீட்டும் அளவுக்கு உடையவில்லை என்பதை மீப் கவனித்துக்கொண்டாள்.

பன்னிரண்டு கட்டமாகத் திட்டம் தீட்டி, புதன்கிழமை காலை சிட்ஸ்கே அமைச்சகத்துக்கு அனுப்பினாள். அனுப்பிய ஒரு மணி நேரத்தில் பதில் இடியாக இறங்கியது. அதே ஆறு தீவுகள், அதே பன்னிரண்டு கட்டங்கள், அதில் பத்து வார்த்தைக்கு வார்த்தை அச்சாக, செவ்வாய்க்கிழமை சாயங்காலமே இன்னொரு விண்ணப்பம் வந்து உட்கார்ந்திருக்கிறது. அனுப்பியவர் ஹெஸல் பிரான்ட்ஸ்மா. பெரிய அறக்கட்டளையின் தலைவர். பெரிய மனிதர். பெரிய கழுத்துப்பட்டி.

"உங்க கம்ப்யூட்டர்லேருந்து திருடியிருப்பான்" என்றாள் மீப்.

"அமைச்சகத்து நிபுணருங்க அக்குவேறு ஆணிவேறா பார்த்துட்டாங்க. ஒரு கொசுகூட நுழையலையாம்."

அதில் ஆச்சரியமே இல்லை. பூலோகத்தில் சிட்ஸ்கேயைப் போல ஜாக்கிரதைப் பேர்வழி கிடையாது. கம்ப்யூட்டரின் கேமராக் கண்ணுக்கு மேல் பிளாஸ்திரி, அந்தப் பிளாஸ்திரிக்கு மேல் இன்னொரு பிளாஸ்திரி. போன் சமையலறையில் கேக் டப்பாவுக்குள் தூங்கியது. காய்கறிக்கடைச் சீட்டைக்கூட கிழிக்கும் இயந்திரத்தில் கொடுத்து இடியாப்பமாக்கிவிட்டுத்தான் குப்பையில் போடுவாள். குழாய் ரிப்பேர் செய்ய வந்தவனை மூன்று வாரமாக வாசலோடு திருப்பியனுப்பியதில், சமையலறைக் குழாய் நிற்காமல் சொட்டிக்கொண்டிருந்தது.

"இதுல கொடுமை என்னன்னா, திட்டம் கம்ப்யூட்டர்லேயே இல்லை" என்றாள் அவள். "கம்ப்யூட்டர்ல எழுதினா எவனாவது பார்த்துடுவான்னு பயந்து, மூணு வாரமா அங்க எழுதினேன்."

கையை நீட்டினாள். சுவரில் பன்னிரண்டு பெரிய தாள்கள், துணி உலர்த்தியதுபோல ஒரே வரிசையாகத் தொங்கின. கறுப்பு மையில் கொட்டை எழுத்து. அவளுக்குக் கிட்டப்பார்வை, ஆகவே ஒவ்வொரு எழுத்தும் ஒரு வெள்ளரிக்காய் நீளம் இருந்தது.

"செவ்வாய் ராத்திரிதான் உட்கார்ந்து டைப் அடிச்சேன். அதையே இப்ப எனக்கு எதிரா திருப்பிட்டாங்க. ஹெஸல் சாயங்காலமே அனுப்பிட்டார், உங்க கோப்பு அதுக்கப்புறம்தான் பொறந்திருக்குன்னு."

"தாளைக் காட்டலையா?"

"காட்டினேன். நேத்துகூட எழுதி மாட்டியிருக்கலாமேன்னு கேட்டாங்க."

வெளியே ஒரு பெண்மணி, முன்பெட்டியில் மூன்று குழந்தைகளோடு சைக்கிளில் போனாள். போகிறபோக்கில் உள்ளே பார்த்துக் கையசைத்தாள். சிட்ஸ்கே பேச்சை நிறுத்தாமலே பதிலுக்குக் கையசைத்தாள். வூபோவும் அசைத்தார். நாய்க்காரர் ஒருவர் தலையாட்டிவிட்டுப் போனார். நாயும் ஆட்டியது.

"வீட்டுக்குள்ள யார் யார் வந்தாங்க?" என்று கேட்டார் வூபோ.

"மூணு வாரமா ஒரு ஈகூட வரலை."

வூபோ இரண்டு விண்ணப்பங்களையும் முழங்காலில் விரித்தார். ஒன்று, இரண்டு, மூன்று ஒன்றேதான். நான்கு வேறு. ஐந்து முதல் எட்டு வரை ஒன்றேதான். ஒன்பது வேறு. பத்திலிருந்து மறுபடியும் இரட்டைப் பிள்ளைகள்.

"நாலாவது கட்டத்துல நீங்க என்ன எழுதியிருக்கீங்க?"

"ஆபத்துன்னா யாருக்குப் போன் பண்ணணும்னு நாட்டுக்கு ஒருத்தர் பேரும் நம்பரும் சேர்க்கிறது."

"ஹெஸல் என்ன எழுதியிருக்கார் தெரியுமா? 'தொடக்க விழா மற்றும் குழுப் புகைப்படம்.' அஞ்சாவது ரெண்டு பேருக்கும் ஒண்ணு: 'மேற்படி நபர்களுக்கு முன்னறிவிப்பின்றிப் போன் செய்து, யார் எடுக்கிறார்கள் என்று சோதித்தல்.'"

"எந்த மேற்படி நபர்?" என்றாள் மீப். "போட்டோவுல நின்னவங்களா?"

"ஒன்பதாவதுல நீங்க ஆஸ்பத்திரியில ஒருநாள் ஒத்திகை வெச்சிருக்கீங்க. அவர் 'இடைக்கால மதிப்பீட்டுக் கூட்டம்' வெச்சிருக்கார். பத்தாவது ரெண்டிலும் ஒண்ணு: 'மேற்கண்டதில் தோல்வியுற்றவர்கள் மீண்டும் செய்தல்.'"

"மதிப்பீட்டுக் கூட்டத்துல எப்படி பாஸ் தோக்கிறது? குறட்டை விட்டாத்தான் உண்டு."

வூபோ மீசையைத் தடவினார். "எடுத்தவன் எல்லாத்தையும் எடுக்க வேண்டியதுதானே. நாலையும் ஒன்பதையும் மட்டும் ஏன் விட்டான்? விட்டானா, இல்லை கிடைக்கலையா? மீப், சைக்கிள் பையில என் சீஸ் ரொட்டி இருக்கு. எடுத்துட்டு வா. வெறும் வயித்துல எனக்கு மூளை வேலை செய்யாது."

"நிறைஞ்ச வயித்துல தூக்கம் வரும்பீங்க. மூளைக்கு எப்பத்தான் ஆபீஸ் நேரம்?" என்று கேட்டுக்கொண்டே போனாள். அரை நிமிடத்தில் ரொட்டிப் பொட்டலத்தோடு திரும்பினாள்.

"மீசையைத் துடைங்க, பாஸ். கிடைச்சதே ஒரு பிஸ்கட்டு, அதுலயும் பாதியை மீசைக்கு ஊட்டிவிட்டிருக்கீங்க. தெருவுலேருந்தே தெரியுது."

வூபோவின் கை பாதி வழியில் நின்றது.

"எங்கேருந்து தெரியுது?"

"தெருவுலேருந்து."

அவர் எழுந்தார். எழுந்த வேகத்தில் கூரையிலிருந்து தொங்கிய விளக்கு அவர் மண்டையில் மோதி மணியடித்தது. கவனிக்கவில்லை. ஜன்னலை நோக்கி நடந்தார். சுவர் அளவுக்குக் கண்ணாடி. கழுவித் துடைத்துப் பளிங்காக இருந்தது. திண்டின் மேல் ஒரே மாதிரி இரண்டு வெள்ளைத் தொட்டிகள், இரண்டிலும் நெஞ்சுயரத்துக்கு அடர்ந்த ஆர்க்கிட் பூக்கள். அந்தத் தெருவில் எந்த ஜன்னலை எடுத்தாலும் அதே மாதிரி இரண்டு தொட்டிகள்தான். ஒற்றையாக வைத்தால் வீட்டில் ஏதோ பிரச்சினை என்று அர்த்தம்.

"சிட்ஸ்கே, ஏழு பூட்டு போட்டிருக்கீங்க. இது?"

"எது?"

"ஜன்னல்."

"ஜன்னலா?" அவள் உண்மையாகவே அதிர்ந்து போனாள். "அடுத்தவங்க வீட்டு ஜன்னலை யாராவது பார்ப்பாங்களா, சார்? அநாகரிகம்! போறபோக்குல கண்ணு படும், கையை ஆட்டுவாங்க. நின்னு பார்க்க மாட்டாங்க!"

"திரை போட்டிருக்கலாமே?"

"திரையா? பட்டப்பகல்லயா? வீட்டுக்குள்ள என்னத்தை மறைக்கிறான்னு தெரு முழுக்கப் பேசாதா?"

மீப் ரொட்டியை மேஜையில் வைத்தாள். அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. பதினோரு வருட உத்தியோகத்தில் இது இரண்டாவது முறை.

*

தூறல் போட்டுக்கொண்டிருந்தது. மூவரும் தெருவில் நின்றார்கள்.

"ஜன்னலுக்கு நேரா நில்லு" என்றார் வூபோ. "எந்தத் தாள் தெரியலை?"

மீப் ஜன்னலோரமாக நின்று கண்ணைச் சுருக்கினாள். "இடது தொட்டிப் பூ ரெண்டை மறைக்குது. வலது தொட்டிப் பூ பதினொண்ணை."

"பின்னால போ."

போனாள். "இப்ப மூணும் பத்தும்."

"இன்னும்."

"இன்னும் போனா எதிர்வீட்டு ரோஜாச்செடியில உட்காரணும், பாஸ்." எதிர்வீட்டு வாசலை ஒட்டி ஒரு கார் நிற்கிற இடம் காலியாகக் கிடந்தது. அதன் நடுவே போய் நின்றாள். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். பிறகு அசையாமல் நின்றாள்.

"நாலு" என்றாள். "ஒன்பது."

சிட்ஸ்கே கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

வூபோ குதித்துப்போய் மீப்பை நகர்த்திவிட்டு அதே இடத்தில் நின்றார். பார்த்தார். மறுபடி பார்த்தார். அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"எனக்குப் பன்னெண்டும் தெரியுதே!"

"உங்க கண்ணு பூவுக்கு மேல போகுது. ஒட்டகச்சிவிங்கிக்கு வேலி ஏது?"

"அப்ப, எடுத்தவன் குள்ளம். உன் உயரம்."

"பார்த்தீங்களா, கடைசில என் தலையிலேயே கட்டிடுவீங்க போலிருக்கே! இந்த ஊர்ல என் உயரத்துல மொத்தமே நாலு பேர். அதுல ஒருத்தர் எங்கம்மா, ஒண்ணு பூங்காவுல நிக்கிற சிலை."

சிட்ஸ்கேயின் முகத்தில் வந்த வெளிச்சம் அப்படியே அணைந்தது. "ஹெஸல் உங்களைவிட ரெண்டு சென்டிமீட்டர்தான் கம்மி, சார். அப்ப அவர் இல்லையா?"

தூறல் வலுத்தது.

"நகருங்க, நகருங்க! அது என் கார் இடம்!"

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ட்ரூஸ் போல்மான். முப்பத்திரண்டு வருடம் ட்ராமில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். டிக்கெட் எடுக்காதவனின் இதயத்துடிப்பை இரண்டு நிறுத்தம் தள்ளியிருந்தே கேட்டுவிடுவார் என்று பெயர். ஓய்வு பெற்ற பிறகு முழுத் திறமையும் இந்த ஒரே தெருவின் மேல் இறங்கியிருந்தது.

"நாங்க கார் இல்லைங்க, அக்கா" என்றாள் மீப். "மனுஷங்க."

"மனுஷங்களும் நிக்கக்கூடாது. போதும் பட்டது. செவ்வாய்க்கிழமை ஆனா ஒரு சிவப்புக் கார் வந்து நிக்குது. மூணரைக்கு வந்தா நாலரைக்குத்தான் போகும். தீப்பெட்டி மாதிரி குட்டிக் கார். நான் மார்க்கெட்லேருந்து வந்து இடமில்லாம மூணு தெரு சுத்தணும்."

வூபோவின் காதுகள் நிமிர்ந்தன. "காருக்குள்ள யாரு?"

"நான் அடுத்தவங்க காருக்குள்ள எல்லாம் பார்க்கிறவ இல்லை" என்றார் ட்ரூஸ், கண்டிப்பாக. "கம்பளிக் குல்லா, மூக்குக்கண்ணாடி. நான் போய்க் கேட்கிறதுக்குள்ள கார்க் கண்ணாடியை ஏத்திக்குவான். அதனால கண்ணாடித் துடைப்பான்ல சீட்டு எழுதி வெச்சேன். மரியாதையாத்தான் எழுதினேன். 'அன்புள்ள சிவப்புக் காரே'ன்னு ஆரம்பிச்சு."

"பதில் வந்துச்சா?"

"வராம? நாம என்ன காட்டிலயா இருக்கோம்? அடுத்த செவ்வாய்க்கிழமை என் கதவு இடுக்குல பதில் கிடந்துச்சு."

"வெச்சிருக்கீங்களா?"

ட்ரூஸ் அவரைப் பார்த்த பார்வையில், முப்பத்திரண்டு வருட டிக்கெட் துண்டுகளும் இன்னமும் வீட்டில் இருக்கின்றன என்பது விளங்கியது. உள்ளே போய் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்தார். வூபோ படித்தார். படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் கூரைமேல் இருந்த புறாக்கள் மொத்தமும் பக்கத்து ஊருக்குக் குடிபெயர்ந்தன.

"யாரு பாஸ்? என்ன எழுதியிருக்கு?"

வூபோ கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "நாலு மணிக்குள்ள சொல்றேன்."

"இப்பவே சொன்னா என்ன குறைஞ்சிடும்?"

"சீஸ் ரொட்டி ருசி குறைஞ்சிடும்."

*

அமைச்சகத்தின் ஐந்தாவது மாடியில், மூன்று இருபதுக்கு, ஐந்து பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நடுநாயகமாக ஒடிலியா ஃபான் டாலன். நிதித் திட்டத்தின் பொறுப்பு அதிகாரி. அவர் முன்னால் ஒரு டம்ளர் மோரும் இரண்டு விண்ணப்பங்களும் இருந்தன.

"சீக்கிரம் சொல்லுங்க, டெர்ப்ஸ்ட்ரா. நாப்பது நிமிஷம்தான்."

ஹெஸல் பிரான்ட்ஸ்மா காலை நீட்டிச் சாய்ந்திருந்தார். அவர் கால்கள் மேஜையின் இந்தப் பக்கம் ஆரம்பித்து அந்தப் பக்கம் வெளியே வந்தன. "எனக்குச் சிட்ஸ்கே மேல கோபமே இல்லை" என்றார் பெருந்தன்மையாக. "நல்ல யோசனைன்னா யாருக்கும் ஆசை வரும்."

சிட்ஸ்கே மேஜைக்கு அடியில் விரல்களை முறுக்கினாள்.

வூபோ போட்டோ விழாவையும் மதிப்பீட்டுக் கூட்டத்தையும் எடுத்துவைத்தார். ஹெஸல் கையை வீசினார். "எடிட்டிங் தப்பு. யாருக்கும் வர்றதுதான்."

பிறகு வூபோ ஜன்னலைச் சொன்னார். இரண்டு தொட்டிகளைச் சொன்னார். நான்கையும் ஒன்பதையும் மறைக்கும் அந்த ஒரே ஒரு இடத்தைச் சொன்னார். ஃபான் டாலன் அம்மையார் மோர் டம்ளரை எடுத்தவர் குடிக்க மறந்தார்.

ஹெஸலின் முகத்தில் ஒரு கணம் ஏதோ ஓடியது. அடுத்த கணமே புன்னகை வந்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டது. "அந்த இடத்துல நின்னா உங்களுக்கு எத்தனை தாள் தெரிஞ்சுது, டெர்ப்ஸ்ட்ரா?"

"பன்னெண்டும்."

ஹெஸல் எழுந்தார். எழுந்தார், எழுந்தார், எழுந்துகொண்டே இருந்தார். கடைசியில் விளக்குக்குப் பக்கத்தில் போய் நின்றார். "எனக்கும் அதேதான் தெரியும். அப்ப நான் நாலையும் ஒன்பதையும் ஏன் விடணும்? உங்க வாதம்தான் எனக்குச் சாட்சி. ரொம்ப நன்றி."

ஃபான் டாலன் டம்ளரைக் கீழே வைத்தார். "அவர் சொல்றதுல நியாயம் இருக்கே."

சிட்ஸ்கே கண்ணை மூடிக்கொண்டாள். சுவர்க் கடிகாரம் மூன்று முப்பத்தெட்டு.

"நிக்கும்போது நியாயம்தான்" என்றார் வூபோ. "உட்கார்ந்தா?"

"தெருவுல எங்கய்யா உட்காருவேன்? நான் சைக்கிள்ல போறவன். பதினெட்டு வருஷமா என்கிட்ட கார் கிடையாது. இங்க எல்லாருக்கும் தெரியும்."

"தெரியும்" என்றார் ஃபான் டாலன், சலிப்போடு. "ஒவ்வொரு மீட்டிங்லயும் சொல்றார்."

வூபோ சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து மீப்பிடம் கொடுத்தார். "சத்தமா படி."

மீப் தொண்டையைச் செருமினாள். இந்த நிமிடத்துக்காகத்தான் அவள் மத்தியானம் முழுக்கப் பட்டினி கிடந்தாற்போல இருந்தது.

"'அன்புள்ள எதிர்வீட்டுக்காரருக்கு. தங்கள் இடத்தில் காரை நிறுத்தியதற்கு மனமார்ந்த மன்னிப்பு. என் மகளுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் பக்கத்து வீட்டு ஆசிரியையிடம் செல்லோ வகுப்பு. செல்லோ அவளைவிடப் பெரிய பிடில் என்பதால் சைக்கிளில் ஏறாது. ஆகவே தங்கையின் காரை இரவல் வாங்கி வருகிறேன். ஒரு மணி நேரம் காருக்குள்ளேயே அமைதியாகக் காத்திருப்பதைத் தவிர வேறு தொந்தரவு தர மாட்டேன். நல்ல அண்டை அயலாரின் புரிதலை எதிர்பார்க்கும், ஹெஸல் பிரான்ட்ஸ்மா.' கையெழுத்து இருக்கு. தேதியும் போட்டிருக்கார். கீழே ஒரு சிரிப்பு முகம் வரைஞ்சிருக்கார், பாஸ்."

ஃபான் டாலன் கடிதத்தை வாங்கிக் கையெழுத்தைப் பார்த்தார்.

"தீப்பெட்டிக் கார்" என்றார் வூபோ. "அதுக்குள்ள உங்களை மாதிரி ஆளு மடிஞ்சு உட்கார்ந்தா முழங்கால் காதுக்கு வந்துடும். கண்ணு ஜன்னல் திண்டுக்கு இறங்கிடும். உலகத்துல எந்தத் திருடனும் எதிர்வீட்டுக்காரருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதி, முழுப்பேரும் போட்டு, கதவு இடுக்குல செருகிட்டுப் போக மாட்டான். நம்ம ஊர்ல மட்டும்தான் சார் இது நடக்கும்."

"நான் உங்களுக்குக் கையை ஆட்டினேன்" என்றாள் சிட்ஸ்கே மெதுவாக. "சிவப்புக் கார். மூணு செவ்வாய்க்கிழமையும். யாருன்னு கண்ணுக்குத் தெரியலை, ஆனா ஆட்டினேன்."

"அவர் பதிலுக்கு ஆட்டினாரா?" என்று கேட்டாள் மீப்.

"ஆட்டினார்."

ஹெஸல் உட்கார்ந்தார். கழுத்துப்பட்டி திடீரென்று அவருக்குப் பெரிதாகிவிட்டிருந்தது. "முதல்ல நான் பார்க்கவே இல்லை" என்றார். "ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தா கண்ணு எங்கதான் போகும்? எதிர்ல கொட்டை எழுத்துல... திரையும் இல்லை, விளக்கு வேற போட்டிருந்தாங்க. நான் பூட்டை உடைச்சேனா? வீட்டுக்குள்ள நுழைஞ்சேனா? தெருவுக்குக் காட்டினதைத் தெருவுலேருந்து பார்த்தேன்!"

வூபோ விண்ணப்பத்தை அவர் பக்கம் தள்ளினார். "உங்க பேர்ல வந்தது. முதல் கட்டத்தைப் படிங்க."

"எதுக்கு?"

"படிங்க, ஹெஸல்" என்றார் ஃபான் டாலன். அந்தக் குரலில் மோர் தயிராகியிருந்தது.

ஹெஸல் படித்தார். அவர் குரல் வரவர மெலிந்தது. "'முதற்கட்டம். எல்லா நாடுகளுக்கும் முதலில் கற்பிக்க வேண்டியது: பூட்டாத கதவு அழைப்பு அல்ல. எடுக்க முடிகிறது என்பதற்காக எடுக்கக் கூடாது.'"

அதற்குமேல் அந்த அறையில் யாரும் ஒன்றும் சொல்லத் தேவையிருக்கவில்லை. மீப்கூடச் சொல்லவில்லை. மூன்றாவது முறை.

ஃபான் டாலன் பேனாவை எடுத்து ஒரு விண்ணப்பத்தின் குறுக்கே கோடு போட்டார். மற்றொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு சிட்ஸ்கேயைப் பார்த்தார். "சந்தோஷப்பட்டுடாதீங்க. கமிட்டியில உங்களை ஒரே ஒரு கேள்விதான் கேட்பாங்க. மூணு வாரம் சொந்தத் திட்டத்தைத் தெருவுக்குக் காட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்த ஆளு, ஆறு நாட்டுக்கு என்ன சொல்லித்தரப் போறீங்க? பதில் இருக்கா?"

சிட்ஸ்கேயின் முகம் வெளுத்தது. மணி மூன்று ஐம்பத்தொன்று.

*

நான்கிலிருந்து ஐந்து வரை வூபோவும் மீப்பும் தாழ்வாரத்தில் காத்திருந்தார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் வூபோ நானூறு முறை அங்குமிங்கும் நடந்தார். தரைவிரிப்பில் வாய்க்கால் விழுந்தது.

ஐந்தடிக்க நான்கு நிமிடம். கதவு திறந்து சிட்ஸ்கே வந்தாள்.

"அந்தக் கேள்வியைக் கேட்டாங்களா?"

"உட்கார்றதுக்கு முந்தியே கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"உண்மையைச் சொன்னேன். அந்தத் தீவுகள்ல இருக்கிறவங்களும் என்னை மாதிரிதான், ஏழு பூட்டு போட்டுட்டு ஜன்னலை மறப்பாங்க. எல்லாருக்கும் எங்கயாவது ஒரு ஜன்னல் திறந்துதான் இருக்கும். அதனால பூட்டு வித்தா மட்டும் போதாது, தெருவுல போறவன் எப்படி நடந்துக்கணும்னும் பேசி முடிவு பண்ணியாகணும். அதுக்குத்தானே இந்த நிதியே வெச்சிருக்கீங்கன்னு கேட்டேன்."

"அதுக்கு அவங்க?"

"தலைவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். அப்புறம், அவர் வீட்லயும் திரை இல்லைன்னார்." "கொடுத்துட்டாங்க, சார். பன்னெண்டு கட்டத்துக்கும்."

அவள் பையிலிருந்து கேக் டப்பாவை எடுத்தாள். டப்பாவிலிருந்து போனை எடுத்தாள். கடல் தாண்டி ஒரு நம்பரை அழுத்தினாள். மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முதல் மணியிலேயே ரொசாரியா எடுத்தாள்.

மறுநாள் காலை சிட்ஸ்கே ஜன்னலுக்குக் குறுக்கே ஒரு படுக்கை விரிப்பைக் கட்டினாள். எண்ணி ஏழு நிமிடத்தில் வாசல்மணி அடித்தது. வீட்டில் யாராவது இறந்துவிட்டார்களா என்று நாய்க்காரர் கேட்டார். பத்தாவது நிமிடம் சைக்கிள் பெண்மணி சூப்போடு வந்தாள். இருபதாவது நிமிடம் சிட்ஸ்கே விரிப்பை அவிழ்த்துவிட்டுப் பன்னிரண்டு தாள்களையும் கழற்றி, உள் அறைச் சுவரில் மாட்டினாள். காலியான சுவரில் ஒரே ஒரு பெரிய தாளைத் தொங்கவிட்டாள்: 'பூட்டாத கதவு அழைப்பு அல்ல. எடுக்க முடிகிறது என்பதற்காக எடுக்கக் கூடாது.'

மத்தியானம் கதவு இடுக்கில் ஒரு சீட்டு கிடந்தது.

'அன்புள்ள சிட்ஸ்கே, நல்ல வாசகம். ஆனால் இரண்டாவது வரியை இடது தொட்டி மறைக்கிறது. என் ஜன்னலிலிருந்து பாதிதான் தெரிகிறது. தொட்டியைக் கொஞ்சம் நகர்த்தவும். நான் பார்க்கிறவள் இல்லை என்பது உனக்கே தெரியும். அன்புடன், ட்ரூஸ்.'